முனை உள்ளே போகும் பென்சில்

டிராஃப்டிங் பென்சிலின் உயிர் அதன் நுனியில் இருக்கிறது. லெட் வெளியே வரும் அந்த மெல்லிய உலோகக் குழாய் சுமார் 4 மில்லிமீட்டர் நீளம். அது அளவுகோலின் விளிம்போடு ஒட்டி நகர்வதால்தான் கோடு பிசகாமல் விழுகிறது. மேசையை விட்டு எழுந்துவிட்டால் அதே குழாய்தான் தொல்லை. சட்டைப் பையைக் குத்தும். பென்சில் கைதவறி விழுந்தால் முதலில் வளைவதும் அதுவே. வளைந்த குழாயை எவ்வளவு பக்குவமாக நிமிர்த்தினாலும் லெட் பழையபடி வழுக்கிக்கொண்டு வராது.

பழைய கடைவீடுகளை அளந்து வரைவது என் தொழில். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா 1989 ஜூலையில் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு முகப்பைப் பழுதுபார்க்கும் முன் உள்ளதை உள்ளபடி தாளில் கொண்டுவர வேண்டும். இறுதி வரைபடம் கணினியில்தான் பிறக்கிறது என்றாலும், ஐந்தடிப் பாதையில் நின்றுகொண்டு போடும் முதல் கோடு பென்சில் கோடுதான். 1:50 அளவில் 0.5 லெட்டின் கோடு நிஜத்தில் 25 மில்லிமீட்டர் தடிப்பு, 0.3 என்றால் 15. கெர்பாவ் ரோட்டில் 1900இல் எழுந்த டான் டெங் நியா வீட்டைப் போல மரவேலை நிறைந்த முகப்பை வரைகிறவருக்கு இந்தக் கணக்கு கைவிரலிலேயே இருக்க வேண்டும். பென்சிலின் நுனி 0.2 மில்லிமீட்டர் ஆடினால் சுவரில் ஒரு சென்டிமீட்டர் இடம் மாறிவிடும். சன்னல் பலகை ஒன்றின் தடிப்பே அவ்வளவுதான்.

ஆகவே முனை உள்ளே போகும் பென்சிலைப் பற்றி என் முதல் கேள்வி இது: வெளியே வந்தபின் அது அசையாமல் நிற்கிறதா? உள்ளே போய் வரும் எந்த உறுப்புக்கும் போய்வரக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியே ஆட்டமாகிறது.

ராட்ரிங் 800 இதில் பெயர் பெற்றது. 1989இல் வந்த 600இன் பித்தளை உடலை எடுத்து, பின்பக்க வளையத்தைத் திருகினால் முனை வெளியே வரும்படி பின்னர் செய்தார்கள். திருகும்போது சத்தமே இல்லை. எண்ணெயிட்ட பூட்டு திறப்பதுபோல இருக்கும். கையில் அதன் கனம் கோட்டுக்கு நிதானம் தருகிறது. ஆனால் காகிதத்தில் அழுத்தும்போது நுனியில் ஒரு மெல்லிய அசைவு விரலுக்குத் தெரிகிறது. அதைவிட முக்கியமான குறை, திருகுவதற்கு இரண்டு கை வேண்டும். களத்தில் ஒரு கையில் அளவு நாடாவோ வரைபலகையோ இருக்கும்.

பென்டல் கிராஃப்கியர் 1000 வேறு வழியில் போகிறது. பின்னால் ஒரு அழுத்து, முனை வெளியே வரும். மேலும் அழுத்தினால் லெட் நகரும். கிளிப்பின் மேற்புறத்தைக் கட்டைவிரலால் தட்டினால் மொத்தமும் டக்கென்று உள்ளே போய்விடும். ஒரே கை போதும். பிடிமானத்தில் உலோகச் சொரசொரப்புக்கு நடுவே ரப்பர் திட்டுகள் பதித்திருக்கிறார்கள். குளிரூட்டிய அறையில் அதன் அருமை தெரியாது. மத்தியானம் சிராங்கூன் சாலையில் நின்று வரையும்போது தெரியும்: வியர்த்த விரலிலும் பென்சில் நழுவாது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் டிரேசிங் தாள் நெளியும். பென்சிலாவது கையில் நிற்கட்டும்.

1971இல் வந்த பென்டல் கெரியில் முனையை ஒரு மூடி காக்கிறது. மூடியைப் பின்னால் செருகினால் பென்சில் முழு நீளம் பெறும். எழுத அழகான பென்சில், அளவுகோலுக்கு ஏற்றதில்லை. குரு டோகா என்ற பென்சிலின் சிறப்பு வேறு: ஒவ்வொரு முறை தாளைத் தொட்டு எடுக்கும்போதும் லெட் சிறிது சுழல்கிறது. எழுத்துக்கு அது வரம். நீளக் கோட்டில் தாளை விட்டுக் கை எடுப்பதே இல்லை, அதனால் அங்கே பயன் குறைவு. பென்சிலை விரல்களுக்குள் மெல்ல உருட்டிக்கொண்டே இழுக்கும் பழைய பழக்கம்தான் கோட்டின் தடிப்பைக் கடைசிவரை ஒரே சீராக வைக்கும். இளைய வரைவாளர்கள் பலர் இதைக் கற்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மேசையில் எனக்கு இன்னமும் பென்டல் பி205தான். பிளாஸ்டிக் உடல், சுமார் 9 கிராம், எங்கும் போகாத முனை. ராட்ரிங் 600 அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். மணிக்கணக்கில் கோடு இழுக்கும் மணிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் பெரியது. களத்துக்கு கிராஃப்கியர் 1000. 800 அழகில் முதலிடம், வேலையில் மூன்றாமிடம்.

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் வாங்கப் போகிறவர்கள் உடலின் பளபளப்பை விட்டுவிட்டு, முனையை வெளியே எடுத்து நகத்தால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பிறகு ஒரு அளவுகோலைக் கேட்டு வாங்கி, ஒரே இடத்தில் இரண்டு முறை கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அந்தப் பென்சிலை வாங்கலாம்.