சி. எஸ். சேஷாத்ரி: 2020 ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 17, வெள்ளி

கணிதப் பேராசிரியர் சி. எஸ். சேஷாத்ரி இன்று சென்னையில் காலமானார். 1932 பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தவர். லீப் நாளில் பிறந்ததால் 88 வயதுக்குள் அவருக்கு வந்த பிறந்தநாள்கள் 22தான். கடைசியாக வந்தது இந்த ஆண்டு. அவருடைய துறை இயற்கணித வடிவியல். 1988இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 2009இல் பத்ம பூஷண் பெற்றார். உள்ளூரில் அவரை அறிந்தவர்கள் பெரும்பாலும் சென்னை கணிதவியல் கழகத்தை நிறுவியவராகவே அறிவார்கள். உலகின் கணிதத் துறைகளிலோ அந்தப் பெயர் ஒரு தேற்றத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 18, சனி

பள்ளிப் படிப்பு செங்கல்பட்டில். 1948 முதல் 1953 வரை சென்னை லயோலா கல்லூரி. அங்கே கணிதம் கற்பித்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் சார்லஸ் ரசீன். பாரிசில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்தவர். 1930களில் இந்தியா வந்தவர். தேர்வுக் கணக்குகளைப் போட்டுப் பழகுவதே கணிதப் படிப்பு என்றிருந்த காலத்தில், ஐரோப்பாவில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த கணிதத்தை மாணவர்களின் காதில் போட்டுவைத்தார். தேறியவர்களை பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். 1953இல் சேஷாத்ரியும் உடன் படித்த எம். எஸ். நரசிம்மனும் அங்கே சேர்ந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து சி. பி. ராமானுஜமும் அதே வழியில் போனார். இந்தியாவில் இயற்கணித வடிவியல் வேரூன்றிய கதையை எழுதப் புகுந்தால் லயோலாவின் அந்த வகுப்பறையில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

பம்பாயில் கே. சந்திரசேகரன் வழிகாட்டலில் 1958இல் முனைவர் பட்டம். இடையே 1957 முதல் 1960 வரை பாரிஸ். அங்கே கணிதர் ஷெவாலேயின் கருத்தரங்கில் பங்கேற்றார்.

ஜூலை 19, ஞாயிறு

முழு ஊரடங்கு. தேற்றத்தை எழுதிவைக்க வேண்டிய நாள்.

முதலில் சிறிய ஒன்று. ஒரு வடிவின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை நட்டு, அவற்றை இசைவாகக் கோத்தால் கிடைப்பது வெக்டர் கற்றை. கோக்கும்போது முறுக்கு விழலாம். சாதாரண ஆயவெளியின் மேல் இயற்கணித முறையில் கட்டப்படும் கற்றையில் முறுக்கு இருக்க முடியுமா என்ற கேள்வியை 1955இல் ழான்-பியேர் ஸேர் எழுப்பினார். இரண்டு மாறிகள் உள்ள வெளியில் முடியாது என்று 1958இல் காட்டியவர் சேஷாத்ரி. எத்தனை மாறிகளானாலும் முடியாது என்று குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே நிறுவ 1976 ஆயிற்று.

பெரியது 1965இல் வந்தது. ஓட்டை வடையின் மேல்தோல் ஒரு துளை கொண்ட பரப்பு. இரண்டோ அதற்கு மேலோ துளைகள் கொண்ட பரப்பை நினைத்துக்கொள்ளலாம். துளைகளைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு யூனிட்டரி அணியை, பாதைகளின் சேர்க்கைக்கு இசைய, ஒதுக்க முடியும். இது இடவியல் பக்கம். அப்படி ஒதுக்குவதிலிருந்து கற்றைகள் பிறக்கின்றன என்பதை ஆந்த்ரே வெய் 1938இலேயே தொட்டிருந்தார். மறுபக்கம் இயற்கணிதம். 1962 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் டேவிட் மம்ஃபர்ட் முன்வைத்த கருத்து ‘நிலைத்த கற்றை’. படி எண் (முறுக்கின் அளவைக் காட்டும் முழு எண்) பூஜ்யமாக உள்ள ஒரு கற்றைக்குள் அடங்கும் சிறு கற்றைகள் அனைத்தின் படி எண்ணும் எதிர்ம எண்ணாக இருந்தால் அது நிலைத்தது. இரண்டுக்கும் உறவு இருப்பதாக மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. மேற்கொண்டு பிளக்க முடியாத யூனிட்டரி ஒதுக்கீடுகளும் படி எண் பூஜ்யமான நிலைத்த கற்றைகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும் என்று நரசிம்மனும் சேஷாத்ரியும் நிறுவினார்கள். ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை அது. இருவருக்கும் அப்போது வயது 33.

ஒரு துறையின் கடினமான கேள்வியை வேறொரு துறையின் மொழியில் கேட்டு விடை பெற இது வழி செய்தது. 1983இல் டோனல்ட்சன் இதே தேற்றத்துக்கு வகையீட்டு வடிவியல் வழியாக வேறு நிறுவல் தந்தார். அதே ஆண்டு வெளியான அதியா, பாட் கட்டுரை இதை இயற்பியலின் யாங்-மில்ஸ் சமன்பாடுகளோடு சேர்த்துவைத்தது. இணையில் மற்றவரான நரசிம்மன் 2020இல் பெங்களூரில் இருந்தார்.

ஜூலை 21, செவ்வாய்

மற்ற பணிகள். நிலைத்த கற்றைகள் மட்டும் கொண்ட தொகுப்பு முழுமையாக இராது. விளிம்பில் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை ஒன்றெனக் கொள்வது என்ற கேள்விக்கு 1967இல் அவர் தந்த விடை ‘எஸ்-சமானம்’ எனப்படுகிறது. அந்த ‘எஸ்’ சேஷாத்ரியே. மேத்தாவோடு பரவளையக் கற்றைகள் (1980). லட்சுமிபாய், முசிலி ஆகியோருடன் திட்ட ஓருறுப்புக் கோட்பாடு. ‘சேஷாத்ரி மாறிலி’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சுக் கணிதர் டெமாய்.

ஜூலை 22, புதன்

1984இல் பம்பாயை விட்டுச் சென்னைக்கு வந்து கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1989இல், பலரும் ஓய்வூதியத்தைக் கணக்கிடத் தொடங்கும் 57 வயதில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவோடு தியாகராய நகரில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் சென்னை கணிதவியல் கழகமானது.

இந்தியாவில் ஆராய்ச்சி ஓரிடம், இளநிலைப் பாடம் வேறிடம் என்பதே அப்போது வழக்கம். நல்ல ஆய்வாளர் பதினெட்டு வயது மாணவர் முன் நிற்க வாய்ப்பே இராது. சேஷாத்ரி 1998இல் கணிதத்திலும் கணினி அறிவியலிலும் பி.எஸ்சி. வகுப்பு தொடங்கி, ஆய்வு செய்பவர்களையே பாடம் எடுக்க வைத்தார். ரசீன் லயோலாவில் தனியாளாகச் செய்ததை நிறுவனமாகச் செய்த முயற்சி என்று இதைக் கொள்ளலாம். பட்டம் வழங்கும் உரிமை கழகத்துக்கு அப்போது இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் பட்டங்கள் தரப்பட்டன. அந்தத் தாளை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் துணிச்சலும் சாதாரணமானதல்ல. 2005இல் சிறுசேரியில் சொந்த வளாகம். 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி.

ஜூலை 24, வெள்ளி

2010 இறுதியில் கழகத்தின் இயக்குநர் பொறுப்பை விட்டார், கணிதத்தை விடவில்லை. கர்நாடக இசையையும்தான். முறையாகப் பயின்று பாடியவர் அவர். வி. பாலாஜியோடு சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை 2015இல் வெளியானது. 1965 தேற்றத்தில் கற்றைகள் இருந்த இடத்தில், அவற்றிலும் பொதுவான ‘பராஹோரிக் டோர்சர்’களை வைத்து எழுதப்பட்டது அது. அப்போது சேஷாத்ரிக்கு வயது 83.