தலையில் பூத்த காளான்

உயர்நிலைப் பள்ளியில் இருபது வருஷமாக விஞ்ஞானம் போதித்து வருகிறோம். ஈர ரொட்டியில் பூஞ்சக்காளான் பூப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாத வருஷமில்லை. ஆயினும் அதன் தாயாதி ஒன்று நம் தங்கை மகளின் உச்சந்தலையில் குடியேறியபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

குழந்தைக்கு வயது இரண்டரை. ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி உதிர்ந்திருந்தது. "புழுவெட்டுடா, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தால் போய்விடும்" என்றார் தாயார். நாம் பட்டதாரி அல்லவா? வெங்காயத்தை இகழ்ந்து, மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்தோம். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிற்று. பெருமிதத்துடன் உலாவினோம். மூன்றாம் வாரம் அவ்விடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் கசிந்தது; கழுத்தில் நெறி கட்டிற்று. குழந்தை இரவெல்லாம் அழுதாள். கட்டியைக் கீறிவிடவேண்டும் என்றார்கள் அண்டை வீட்டார்.

கத்தியே கூடாது என்றார் தோல் வைத்தியர். புழுவெட்டில் தோல் வழவழப்பாயிருக்கும். இதிலோ செதில் உண்டு, முடி அடியோடு முறிந்து கரும்புள்ளியாய் நிற்கும் என்று விளக்கி, இரண்டு முடிகளைப் பிடுங்கிப் பொட்டாஷ் காரத்தில் நனைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். முடிக்குள்ளே வித்துக்கள் நெருங்கிக் கிடந்தன. "களிம்பு மேலோடு நின்றுவிடும், ஸார். மயிர்க்காலுக்கு மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகவேண்டும்" என்றார். நாம் வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு வேறு கலந்திருந்ததாம். அரிப்பை அடக்கிக் காளானுக்கு விருந்து வைத்திருக்கிறோம்!

அவர் கொடுத்தது கிரிஸியோபுல்வின். 1939-ல் பெனிசிலியம் வகைப் பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுத்த சரக்கு. முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை. இது வழக்கத்துக்கு வருமுன் எக்ஸ்-ரே பாய்ச்சி முடியை உதிர்ப்பார்கள். இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை குடியேறிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அதற்கு ஆளானார்கள். பிற்காலத்தில் பலருக்குப் புற்றுநோய் கண்டது. 1994-ல் அந்நாடு நஷ்ட ஈட்டுச் சட்டமே இயற்றவேண்டி வந்தது. அதைப் படித்தபின் எட்டு வாரம் மருந்து கொடுப்பது நமக்குச் சிரமமாகத் தோன்றவில்லை.

எடைக்குத் தக்க அளவு. கொழுப்புள்ள பாலுடன் கொடுத்தால்தான் உடம்பில் நன்றாய்ச் சேரும். வித்துப் பரவாதிருக்க வாரம் இருமுறை மருந்து ஷாம்பூ. சீப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் தனி. அண்ணன்காரன் தலையில் பொடுகு என்று நாம் விட்டுவைத்ததும் இதுவேதான். இருவருக்கும் ஒரே சீப்பு. அவனுக்கும் மருந்து நடந்தது.

முடி வளர்ந்துவிட்டது, மொச்சைக் கொட்டையளவு ஓரிடம் தவிர. அங்கே தழும்பு. தாயார் அதை மறைத்தே வகிடு எடுக்கிறார். களிம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.