ஐவருக்கு ஓர் அறை

நாங்கள் ஐவர். தந்தை ஒருவர், பிள்ளைகள் நால்வர். மூத்தவளுக்கு 16 வயது, அடுத்தவளுக்கு 13, மூன்றாமவளுக்கு 10, கடைக்குட்டிப் பையனுக்கு 7. அம்மா இறைவனடி சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எழுதுகின்ற கை தந்தையுடையது; நினைவுகளோ ஐவருக்கும் உரியவை. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

அம்மா இருந்த நாள்களில் பயணம் எங்களுக்கு எளிய காரியமாக இருந்தது. ரயிலில் எந்தப் படுக்கையில் யார், விடுதியில் யாருக்கு அருகில் யார், நள்ளிரவில் தண்ணீர் கேட்பவர் யார், புரண்டு கீழே விழுபவர் யார் என்பதெல்லாம் அவருடைய மனக்கணக்கில் இருந்தன. அந்தக் கணக்கேட்டை எவரிடமும் ஒப்படைக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

சென்ற மே மாத விடுமுறையில் திருச்சியிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்ல முடிவு செய்தோம். கடலிலிருந்து சூரியன் எழுவதைக் காண வேண்டும் என்பது கடைக்குட்டியின் ஆசை. விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தில் நடக்க வேண்டும் என்பது பெண்களின் ஆசை.

ரயிலில் சிக்கல் எழவில்லை. 5 வயது நிறைந்த பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் என்பது 2016 முதல் உள்ள விதி. ஐந்து படுக்கை, ஐந்து கட்டணம். தங்கும் விடுதிகளுக்கு அப்படி ஒரு பொது விதி இல்லை. தொலைபேசியில் விசாரித்தபோது ஓரிடத்தில் 5 வயதுக்கு மேல் கட்டணம் என்றார்கள். மற்றோரிடத்தில் 10 வரை இலவசம் என்றார்கள். வேறோரிடத்தில் 12 நிறைந்தால் பெரியவர் என்றார்கள். ஆனால் எல்லா இடத்திலும் முதற்கேள்வி ஒன்றுதான்: "பெரியவர்கள் எத்தனை பேர்?" "ஒருவர்" என்றதும் மறுமுனையில் சிறிது மௌனம்.

'டபுள் ரூம்' என்பது கணவன் மனைவியை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. ஒரு கட்டில், வேண்டுமானால் கூடுதலாக ஒரு மெத்தை. மூவருக்கு மேல் அனுமதியில்லை. ஆகவே ஐவருக்கு இரண்டு அறைகள் வேண்டும். இரண்டு அறைகளுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். பெண்கள் மூவரையும் தனி அறையில் விடுவதா? தந்தை எந்தக் கதவுக்குப் பின்னால் உறங்குவது? இறுதியில் அடுத்தடுத்த இரண்டு அறைகள் தருவதாகச் சொன்ன ஒரு விடுதிக்கு முன்பணம் அனுப்பினோம்.

காலையில் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஓர் அறை முதல் மாடியில், மற்றொன்று மூன்றாம் மாடியில் என்றார்கள். விடுமுறைக் கூட்டம், வேறு அறை இல்லை. நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கையில், வரவேற்பு மேசையில் இருந்த முதியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வீட்டம்மா வரவில்லையா, சார்?"

"அம்மா செத்துப்போயிட்டாங்க" என்று கடைக்குட்டி முந்திக்கொண்டான்.

அவர் முகம் வாடியது; எனினும் நிறுத்தவில்லை. பிள்ளைகளின் ஆதார் அட்டைகளைக் கேட்டு வாங்கினார். பிறகு மூத்தவளை மட்டும் அருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இவர் உனக்கு என்ன வேணும்மா?"

"எங்கப்பா" என்றாள் அவள்.

தந்தைக்கு உடல் முழுதும் தீப்பற்றியது போலிருந்தது. பெற்ற மகளின் முன்னிலையில் இப்படியொரு ஐயமா? பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறவும் எண்ணினார். மூத்தவள்தான் கையைப் பற்றி நிறுத்தினாள்.

அட்டைகளைத் திருப்பித் தந்த பெரியவர், தரைத்தளத்தில் பணியாளர்களின் பொருள்கள் வைத்திருந்த பெரிய அறை ஒன்றைக் காலி செய்யச் சொன்னார். இரண்டு கட்டில்கள், இரண்டு பாய்கள். "ஐந்து பேரும் ஒன்றாகவே இருங்கள்" என்றார். ஓர் அறைக்கான வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிரவு அந்தக் கேள்வியைப் பற்றியே நாங்கள் பேசினோம். "அவர் கேட்டது தப்பா அப்பா?" என்றாள் இரண்டாமவள். விடை எளிதில் வரவில்லை. எங்கள் பெண்களில் ஒருத்தி அறியாத ஒருவனுடன் இப்படியொரு மேசைக்கு முன் நிற்க நேர்ந்தால், அங்கிருப்பவர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றா விரும்புவோம்? ஆபத்திலிருக்கும் பிள்ளைகளுக்காக 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை அழைக்க யாரேனும் ஒருவர் முதலில் ஐயம் கொள்ள வேண்டுமல்லவா? எங்களைப் புண்படுத்திய கேள்வி வேறொரு குழந்தையைக் காக்கும் கேள்வி. அதைத் தாழ்ந்த குரலில் கேட்ட மனிதருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நாங்கள் கற்றதைச் சொல்ல விரும்புகிறோம். அறை கேட்கும்போதே பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'குடும்ப அறை' உண்டா என்று கேளுங்கள். அடுத்தடுத்த அறைகள் என்றால் அதை எழுத்தில் பெறுங்கள். பிள்ளைகளின் அடையாளச் சான்றுகளைக் கைப்பையிலேயே வையுங்கள். கூடுமானவரை பகலில் போய்ச் சேருங்கள். இரவில் பிள்ளைகளோடு வேறு விடுதி தேடி அலைவது கொடுமை.

இவற்றைவிடப் பெரிய பாடம் ஒன்றும் உண்டு. நள்ளிரவில் தந்தை கண்விழித்தபோது மூத்தவள் உறங்காமல் உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாளை இருமுறை சோதித்ததாகவும், தம்பி விழாதிருக்கக் கட்டிலோரம் தலையணை வைத்ததாகவும் சொன்னாள். விடுதிகள் தேடிய அந்த இரண்டாவது பெரியவர் யாரென்று அப்போது புரிந்தது. எவரும் கேளாமலே 16 வயதுச் சிறுமி அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறாள். இந்த மூன்று ஆண்டுகளும் அங்கேதான் நின்றிருந்தாள்.

"நீ படும்மா. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் தந்தை. வாசலை ஒட்டிப் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விடியற்காலையில் கடற்கரைக்குச் சென்றோம். முகில் சூழ்ந்திருந்ததால் சூரியன் கடலிலிருந்து எழுவதைக் காண முடியவில்லை. முகிலுக்கு மேலே வந்த பிறகே கண்டோம். கடைக்குட்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மூத்தவள் மட்டும் வரவில்லை. நெடுநாள்களுக்குப் பின் அவள் அயர்ந்து உறங்கினாள், நாங்கள் எழுப்பவில்லை. இரண்டாமவள் தானே முன்வந்து அவளுக்குத் துணையாக அறையில் இருந்தாள்.