மலைக்கு ஏறும் ஒத்தையடிப் பாதைகள்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் மேற்கே எங்கே பார்த்தாலும் மலைதான். பொட்டிபுரத்தில் நின்றால் அது இன்னும் கிட்டத்தில் தெரியும். இந்தப் பக்கம் மானாவாரிச் சோளம், மொச்சை, இலவ மரங்கள், மாந்தோப்பு. கிணற்றில் தண்ணீர் உள்ளவர்களுக்குத் தென்னை. அந்தப் பக்கம், மலை முகட்டைத் தாண்டினால், ஏலக்காய்க் காடு. மேலே தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் கீழே காற்றுதான் வீசும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வெள்ளாமை. ஒரே மலை, இரண்டு மழை, இரண்டு வாழ்க்கை. அந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பவை ஒத்தையடிப் பாதைகள்.

மலையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் இடத்தை இங்கே 'மெட்டு' என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, சாக்குலூத்து மெட்டு என்று பெயர்கள் வரிசையாக வரும். போடிமெட்டுக்குத் தார்ச்சாலை உண்டு. 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நாலாயிரம் அடிக்கு மேலே போகும். காலையில் அதில் ஏறும் ஜீப்புகளில் பெரும்பாலும் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகும் பெண்களே இருப்பார்கள். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு நேர்ப் பாதை இருந்தும் சாலை இல்லை. சாலை கேட்டு அந்தப் பக்கத்து மக்கள் பல பத்தாண்டுகளாக மனு கொடுத்து வருகிறார்கள். வனத்தைப் பிளந்து சாலை போடக் கூடாது என்பது இன்னொரு பக்கத்து நியாயம். நடுவில் நிற்பது, மேலே தோட்டம் வைத்துக்கொண்டு கீழே குடியிருக்கும் சிறு விவசாயி.

ஒற்றைத் தண்டவாளத்தில் தேயிலை

இந்தப் பாதைகள் வெறும் ஆட்டுத் தடங்கள் அல்ல. நூறு வருடங்களுக்கு முன் மூணாறு தேயிலை சந்தைக்குப் போனது இவ்வழியில்தான். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சிறிய சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்து மண் தரையில் உருளும், மாடுகள் இழுக்கும். 1908-ல் அது இரட்டைத் தண்டவாள ரயில் ஆனது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. அது திரும்ப வரவே இல்லை. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் நடைபாதை மட்டும் நிலைத்தது. இரும்பை வெள்ளம் கொண்டுபோனது. காலடித் தடத்தைக் கொண்டுபோக முடியவில்லை.

பொட்டிபுரத்தின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது வேறொரு காரணத்தால். அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேய்ச்சல் என்ன ஆகும், கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். புலிகள் நடமாடும் வழித்தடம் என்று கூறி அனுமதி தர முடியாது எனத் தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். மலைக்குப் போகும் வழி யாருக்கு என்ற கேள்வி அன்றைக்கும் ஊரில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

சீமையில் உழவன் வயலில் சைக்கிள்

இதே கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அங்கே மேடும் பள்ளமுமான புல்வெளிகளிலும் காடுகளிலும் மலை சைக்கிள் ஓட்டுவது பெரிய பொழுதுபோக்கு. தெற்கே வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கி.மீ. நீளத்துக்கு 'சவுத் டவுன்ஸ் வே' என்ற பாதை சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் போகிறது. வழி நெடுக ஆட்டு மந்தைகளும் கோதுமை வயல்களும் உண்டு. நிலம் பெரும்பாலும் விவசாயிகளுடையது. பாதையில் போகும் உரிமை மட்டும் எல்லோருக்கும்.

1949-ல் வந்த சட்டம், ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுப் பாதைகளை வரைபடத்தில் பதிய வைத்தது. குதிரைப் பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்று 1968-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதுகொள்ளலாம். ஆனால் முதல் உழவிலிருந்து 14 நாட்களுக்குள் பாதையைச் சரிசெய்து கொடுத்துவிட வேண்டும். உரிமையும் கடமையும் இரு பக்கமும் எழுதி வைக்கப்பட்டிருப்பதால் சண்டைக்கு இடம் குறைவு.

பாதை ஓடையாகும் விதம்

அந்த சைக்கிள் பாதைகளில் நம் விவசாயிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பாதை போடும் விதம். மலைச்சரிவில் தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்த கதை. சீக்கிரம் ஏறலாம் என்று நேர்செங்குத்தாக ஒரு தடம் விழும். கால் பட்டு, மட்டக்குதிரையின் குளம்பு பட்டு, பைக் சக்கரம் பட்டு நடுப்பகுதி அழுந்திப் பள்ளமாகும். முதல் மழையில் தண்ணீர் அதில் ஓடும். மூன்றாவது மழையில் அது ஓடை. வழுக்குகிறதே என்று ஆட்கள் ஓரமாக நடப்பார்கள், பாதை அகலமாகும், வரப்பு கரையும். மேல் மண் போனால் மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் வேர் தெரிய நிற்கும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம்.

முதலாவது, பாதை சரிவுக்கு நேராக ஏறாமல் சாய்வாக ஏற வேண்டும். பத்து அடி நடந்தால் ஓர் அடிக்கு மேல் ஏறாத அளவு நல்லது. மலைச்சரிவு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது, பாதையின் பள்ளத்துப் பக்க ஓரம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது தண்ணீர் பாதை வழியாக ஓடாமல் குறுக்கே கடந்து பரவிவிடும்.

மூன்றாவது, ஏற்றம் அதிகமான இடங்களில் கல்லையோ மரக்கட்டையையோ பாதையின் குறுக்கே சாய்வாகப் பதிக்க வேண்டும். முக்கால் பாகம் மண்ணுக்குள் இருந்தால்தான் நிற்கும். செங்குத்துக் கூடக் கூட இடைவெளியைக் குறைக்க வேண்டும். தடுப்பின் வாய் புல் தரையையோ கல் குவியலையோ பார்த்து இருக்கட்டும். பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து இருந்தால் தண்ணீரோடு தகராறும் இறங்கும்.

நான்காவது, ஓரத்தில் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல் நட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் தடுப்புகளில் சேர்ந்த மண்ணை ஒருமுறை அள்ளிவிட வேண்டும். மண் ஈரமாக இருக்கும் நாட்களில் பைக்கை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடந்து ஏறுவது பாதைக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

குரங்கணி சொன்ன பாடம்

பாதை இருக்கிறது என்பதற்காக எப்போதும் ஏறிவிட முடியாது. 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாசி, பங்குனியில் அங்கே புல் காய்ந்து கிடக்கும். தீ காற்றோடு மேல்நோக்கித்தான் ஓடும், மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஓடும். சேதி தெரிந்ததும் முதலில் மேலே ஏறியவர்களில் பாதையின் ஒவ்வொரு வளைவும் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. வனத்துக்குள் நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ வனத்துறை அனுமதி வேண்டும். நாளைக்கு இந்தச் சரிவுகளிலும் சைக்கிள் பாதை வரலாம். வந்தால், வழிகாட்டும் வேலையும் சோறு போடும் வேலையும் அந்தந்த ஊர்க்காரர்களுக்கே கிடைக்கும்படி கிராம சபை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

உங்கள் ஊர்ப் பாதை எழுத்தில் இருக்கிறதா?

காட்டுப் பாதைக்கு வனத்துறை இருக்கிறது. தோட்டத்துப் பாதைக்கு விவசாயிதான் காவல். உங்கள் நிலத்துக்குப் போகும் வழி புலப்படத்தில் காட்டப்பட்டுள்ளதா, 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். இருந்தால், யாராவது அடைத்தாலும் வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். பாதை அடுத்தவர் பட்டாவில் போகிறது என்றால் விஷயம் வேறு. 20 வருடங்கள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக நடந்து வந்திருந்தால் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி உரிமை கோரலாம். ஆனால் அதை முடிவு செய்வது சிவில் நீதிமன்றம். அதைவிட, இன்று நல்லுறவு இருக்கும்போதே ஆறடி அகலத்தை விலைக்கோ பரிமாற்றத்துக்கோ வாங்கிப் பதிவு செய்துவிடுவது மேல். தாத்தாக்கள் வாய்ப்பேச்சில் விட்டுக்கொடுத்த வழியை நிலம் கைமாறியதும் பேரன்கள் முள்வேலியில் தேடுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

பொழுது சாயும் நேரத்தில் பொட்டிபுரத்து மலையடிவாரத்தில் ஆடுகள் வரிசையாக இறங்கி வரும். ஒன்றுகூட நேராக இறங்காது. சரிவைச் சுற்றி, சாய்வாக, நிதானமாகத்தான் வரும். பாதை போடத் தெரியாதவர்கள் அந்த நேரத்தில் அங்கே போய்க் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும்.