மாட்டிக்கொண்ட சாம்பல்

தாளில் பரப்பிய சாம்பலுக்கு மேலே அந்தப் பெண் காந்தத்தை மெல்ல நகர்த்துகிறாள். இரும்பு கலந்த துகள்கள் மீசை முடிபோல எழுந்து ஒட்டுகின்றன. வழித்துவிட்டு மறுபடி நகர்த்துகிறாள். ஆய்வுக்கூடத்தில் மற்ற மேசைகள் காலியாகிவிட்டன; அவளிடம் அவசரமே தெரியவில்லை.

அனல்மின் நிலையத்துச் சாம்பல். ஊரில் இதை வைத்துக் கட்டடக் கல் செய்கிறார்கள். இவள் செய்வது வேறு கல். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான். காஸ்டிக் சோடா கலந்து 550 டிகிரியில் சுட்டு, அரைத்து, நீரில் கலக்கி, மூடிய பாத்திரத்தில் 90 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வைத்தால், அணுக்கள் புதிதாக அடுக்கிக்கொள்கின்றன. சியோலைட் உருவாகிறது.

நேற்றுச் செய்த பொடி குப்பியில் இருக்கிறது. கண்ணுக்கு வெறும் மாவு. உள்ளே நுண்துளைகள்; வாசலின் அகலம் முக்கால் நானோமீட்டர்கூட இல்லை. அதில் கரியமில வாயுவும் நுழையும், நைட்ரஜனும் நுழையும். உள்ளே இருக்கும் சோடியம் அயனிகள் கரியமில வாயுவைத்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. இதைச் சல்லடை என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் இந்தப் பிடியைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஆனால் நீராவி வந்தால் அந்த இடத்தை அது பறித்துக்கொள்ளும். இவள் வாயுவைப் பிடிக்க நினைக்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கியிலோ நீராவிக்குக் குறைவில்லை. இந்தச் சிக்கல் புதிதல்ல. விண்வெளி வீரர்களின் மூச்சுக்காற்றிலிருந்து கரியமில வாயுவை நீக்க, 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்திலேயே சியோலைட் இருந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்திலும், காற்றை உலர்த்திய பிறகுதான் சியோலைட் மணிகளுக்குள் விடுகிறார்கள். அப்படியும் மணிகள் உதிர்ந்து, தூள் வால்வுகளில் சிக்கித் தொல்லை கொடுத்தது.

சில மில்லிகிராம் பொடியைக் கருவியின் நுண்தராசில் வைக்கிறாள். நைட்ரஜன் ஓட 300 டிகிரிவரை சூடேற்றி ஈரத்தை விரட்டுகிறாள். ஆறியதும் கரியமில வாயுவைத் திறக்கிறாள். திரையில் எடைக்கோடு விறுவிறுவென்று ஏறுகிறது. அவள் முகத்தில் மாற்றமில்லை. மறுபடி சூடு, கோடு இறங்குகிறது. எங்கே வந்து நிற்கிறது என்பதைத்தான் குனிந்து பார்க்கிறாள். பிடித்ததை முழுதாக விட வேண்டும். விட்டபின் அதே அளவு பிடிக்க வேண்டும். ஆயிரமாவது சுற்றிலும் அப்படியே. அதிலும் விடவைக்கும் சூடு மலிவாகக் கிடைக்க வேண்டும். அதற்கென்று இன்னும் நிலக்கரி எரித்தால் பிடித்ததில் ஒரு பகுதி வீண்.

நிலக்கரி எரிந்தபோது வாயு தப்பிவிட்டது, சாம்பல் மாட்டிக்கொண்டது. மாட்டியதைக் கொண்டு தப்புவதைப் பிடிக்க முடியுமானால், அதற்கு எத்தனை பேர் எத்தனை இரவு விழித்தாலும் தகும். மனதார நம்புகிறேன்.

உதவியாளர் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்க்கிறார்.

“ஏறிடுச்சாம்மா?”

“ஏறிடுச்சுண்ணே. எறங்கறதுலதான் கொஞ்சம் பாக்கி நிக்குது. இன்னும் ரெண்டு சுத்து ஓட்டிப் பாக்கணும்.”

“சரி, பூட்டிட்டுச் சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துடும்மா. கேஸ மூட மறந்துடாத.”

அவள் தலையாட்டிக்கொண்டே அடுத்த சுற்றுக்கு வெப்பநிலையைத் தட்டச்சு செய்கிறாள்: இந்தத் தடவை 350.