கீறலும் எழுத்தும்

கீறல் விழுந்த விளையாட்டுத் தகட்டைப் பற்பசை தேய்த்து ஓடவைக்கும் கைவைத்தியம் வெறும் நம்பிக்கையன்று. அதற்கு ஒளியியல் காரணம் உண்டு. ஒரு காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கப்பட்டு, டிவிடியே ஆயினும் பேச்சில் 'கேம் சிடி' என்றே வழங்கிய பிளேஸ்டேஷன் 2 தகடுகள், பருத்திப்பட்டு போன்ற ஆவடிப் பக்கத்து ஊர்களில் இன்றும் சில வீட்டு அலமாரிகளில் கிடக்கக்கூடும். அத்தகைய தகடு, பாலிகார்பனேட் என்னும் ஒளிபுகும் நெகிழியில் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு வில்லைகளை ஒட்டிச் செய்தது. தகவல் அவ்விரண்டின் நடுவே பதிந்திருக்கிறது. ஆகவே அடிப்புறக் கீறல் தகவலைத் தொடுவதில்லை. அதைப் படிக்க வரும் லேசர் கதிரை வழியில் சிதறடிக்கிறது. பற்பசையின் மென்துகள்கள் கீறலின் கூர்விளிம்பை மழுக்கினால், கதிர் மீண்டும் நேராகச் செல்கிறது.

தகட்டை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துக் கீறலைக் கண்டபின், பட்டாணியளவு வெள்ளைப் பற்பசையை நைந்த வேட்டித் துணியில் எடுத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் தேய்ப்பதே முறை. வட்டமாகத் தேய்க்கலாகாது, தகவல் சுருள் வடிவில் ஓடுவதால், வட்டக் கீறல் ஒரே இடத்தின் தகவலைத் தொடர்ச்சியாக விழுங்கிவிடும். பிளேஸ்டேஷன் 3 பயன்படுத்திய ப்ளூரே தகட்டுக்கு இவ்வைத்தியம் ஆகாது. அதில் தகவலின்மேல் உள்ள படலம் 0.1 மில்லிமீட்டரே.

சிறு கீறல்களைத் தகடு தானே பொறுத்துக்கொள்வது இதனினும் வியப்புக்குரியது. 1960இல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்னும் கணித அறிஞர் இருவர் வகுத்த குறியீட்டு முறையின்படி, இசைக் குறுந்தகட்டில் 24 பைட் தகவலுக்கு 8 பைட் துணைத்தகவல் சேர்க்கப்படுகிறது. பைட் சில அழிந்தாலும், எஞ்சியவற்றைக் கொண்டு கருவி அவற்றைக் கணக்கிட்டு மீட்கிறது. அன்றியும், அடுத்தடுத்த தகவல்கள் தள்ளித்தள்ளிப் பரப்பி வைக்கப்படுவதால், ஓரிடத்துச் சேதம் பலவற்றில் சிறிதளவாகப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பித்தோர்க்கு இவ்விரண்டும் புதியன அல்ல. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை, பாடலோடு கூடவே பயணம் செய்யும் துணைத்தகவல். ஓரடியில் அவ்வெழுத்தைப் பூச்சி அரித்திருப்பினும், மற்றோர் அடி அதைக் காட்டிக்கொடுக்கும். பரப்பி வைத்தலுக்கோ முத்தொள்ளாயிரமே சான்று. மூவேந்தரைப் பாடிய அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூல் தன் தலைப்புகளுக்கேற்ப அதன் பாடல்களை ஆங்காங்கே எடுத்துச் சேர்த்திருந்ததால், நூற்றுக்கும் சற்று மேற்பட்டவை பிழைத்தன. தொகுத்தவர் தம் காலத்து வாசகர்க்காகச் செய்த பணி, மூலநூல் அழிந்தபின் அதன் முதன்மையான புகலிடமாயிற்று என்பது நெஞ்சை நெகிழ்விப்பது.

ஆயினும் ஓலையில் கீறலே எழுத்து. எழுத்தாணி கீறிய கோடு ஓலையின் நிறத்திலேயே இருப்பதால், விளக்குக்கரியும் இலைச்சாறும் கலந்து தடவித் துடைப்பர். மேற்பரப்பில் நில்லாத கருமை பள்ளத்தில் தங்க, எழுத்து கண்ணுக்குத் துலங்கும். அங்கும் ஒரு கூழ், ஒரு துணி, ஒரு கை; தகட்டில் பள்ளத்தை மறைக்கத் தேய்க்கின்றனர், ஓலையில் அதைத் தெரியவைக்கத் தேய்த்தனர்.

இராமபாணம் எனப்படும் பூச்சி துளைத்த ஓலையில் எந்த மையும் நிற்காது. குறுந்தகட்டிலும் பெயர் அச்சிட்ட மேற்புறம் அத்தகையது. அங்கே மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே தகவல் இருப்பதால், உரிந்தது உரிந்ததே. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனையளவு ஒளி ஊடே தெரியும். பதிப்பாசிரியர் அத்தகைய இடத்தில் சில புள்ளிகளை இட்டு, அடுத்த அடிக்குச் செல்வார். குறுந்தகடோ அவ்விடத்திலேயே நின்றுவிடும்.