17 இஞ்ச் ஆசை

மண்ணூரில் கார் வைத்திருப்பவனுக்கு ஒரு தனி அவஸ்தை உண்டு. டீக்கடையில் பக்கத்தில் உட்காருகிறவர் ஒன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் கதவு மாட்டுகிறவராக இருப்பார். இல்லையென்றால் ஒரகடம் அப்போலோவில் டயர் வேகவைக்கிறவராக இருப்பார். இத்தனை பேர் இருந்தும் ஒருத்தரையும் கேட்காமல் நான் வீல் வாங்கினேன். பி.காம். படித்தவன் அல்லவா, விலையை மட்டும் பார்த்தேன்.

என்னுடையது செகண்ட் ஹாண்ட் ஸ்விஃப்ட். சாதுவான 14 இஞ்ச் இரும்பு வீல். அதைக் கழற்றிவிட்டு, மனைவி வளையலுக்கென்று கட்டி வந்த சீட்டுப் பணத்தில் 17 இஞ்ச் அலாய் மாட்டினேன்.

"ஏங்க, கார்தான் நல்லா ஓடுதே?"

"ஓடுது. பறக்கணுமில்ல?"

தெருவே திரும்பிப் பார்த்தது. கார்தான் பறக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால், அட்வான்ஸ் கேட்டதும் கேஷியர் யோசிப்பாரே, அப்படி யோசித்தது.

ஃபாக்டரியில் குவாலிட்டி பார்க்கும் நண்பன் வந்தான். "டேய், எடை போட்டியா?" என்றான். வீலுக்கு எடையா? பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினோம். பழைய வீல், டயரோடு 14 கிலோ சொச்சம். புதுசு 19! அலாய் என்றாலே லேசு என்று நினைத்திருந்தேன். சைஸ் ஏறினால், அதுவும் மலிவு வார்ப்பாக இருந்தால், இரும்பையே தோற்கடித்துவிடும்.

வீலின் எடை சாதாரண எடை இல்லை. காரை நகர்த்தும்போது அதையும் நகர்த்த வேண்டும், கூடவே சுழற்றவும் வேண்டும். விளிம்பில் ஒரு கிலோ கூடினால், சீட்டில் ஏறக்குறைய இரண்டு கிலோ ஏறின மாதிரி. நான் ஒரு எட்டாங்கிளாஸ் பையனை எந்நேரமும் காரில் சும்மா சுமந்துகொண்டிருந்திருக்கிறேன்! தவிர, வீல் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற சாமான். கனமாக இருந்தால் மேடு பள்ளத்தில் சட்டென்று ஏறி இறங்காது. டயர் ரோட்டை விட்டுவிடும்.

பெரிய வீல்தான் வேகம் என்றால் ஃபார்முலா ஒன் கார்கள் 2021 வரை 13 இஞ்ச் ரிம்மிலா ஓடியிருக்கும்? 2022-ல்தான் 18 ஆனது. 1990 முதல் ரேஸ் டிராக் வைத்திருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

தெரிந்த பிறகாவது கழற்றினேனா? இல்லை. போட்ட காசு!

ஒரு ஞாயிறு இரவு வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். முன்னால் கன்டெய்னர் லாரி. அது கடந்த பிறகுதான் பள்ளம் தெரிந்தது. 'டமார்!' என் 205/45 டயருக்குப் பக்கச் சுவர் 92 மில்லிமீட்டர்தான். பழைய டயருக்கு 132. அடி நேராக ரிம்மில் விழுந்தது. ஸ்டியரிங் இழுக்க, ஓரம் கட்டுவதற்குள் இன்னொரு லாரி ஹார்ன் அலற ஒரு முழம் தள்ளிப் போனது. பின் சீட்டில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ரிம்மில் விரல் நீளத்துக்கு விரிசல். "வெல்டு வெச்சு ஓட்டாதீங்க சார், திரும்ப விடும்" என்றார் பங்க்சர் கடைக்காரர்.

அடுத்த தடவை மனைவியும் கடைக்கு வந்தாள். பளபளப்பான எதைக் காட்டினாலும், "இது எத்தனை கிலோ?" என்றாள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். ஃபோர்ஜ்ட் வீல்தான் லேசு, கெட்டி. விலை கேட்டால் நமக்கு நெஞ்சு வலிக்கும். கடைசியில் 15 இஞ்ச்சில் ஃப்ளோ ஃபார்மிங் ரகம் எடுத்தோம். வார்த்த ரிம்மின் விளிம்பைச் சுடவைத்து உருளையால் அழுத்தி இழுப்பார்கள். மெலிசாகவும் இருக்கும், உறுதியாகவும் இருக்கும். எடை ஆறரைக் கிலோ. டயர் 185/65, வெளி விட்டம் பழசுக்கு 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கத்தில் 88 என்று எண், அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். தயாரித்த வாரமும் வருஷமும் நாலு இலக்கத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ரிம்மில் மிச்சம் பிடித்ததை டயரில் போட்டேன். ரோட்டைத் தொடுகிறது அது ஒன்றுதானே!

விரிசல் விட்டதோடு மற்ற மூன்றையும் அதே பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனேன். அலுமினிய விலை. தராசில் ஏற்றியவர் முகம் மலர்ந்து, "நல்ல வெயிட்டு சார்!" என்றார்.

பணத்தை மனைவி வாங்கி எண்ணிக்கொண்டாள்.